ஒன்பதடிப் பியானோவில் ஒரு வெடிப்பு

வெடிப்பு இருக்கு. இருக்கறதைத்தானே சொல்லப்போறேன், இல்லாததையா சொல்லப்போறேன்? டார்ச் அடிச்சுப் பார்த்தாச்சு, விரலால தடவியும் பார்த்தாச்சு. கம்பிகளுக்குக் கீழே அகலமா ஒரு பலகை படுத்திருக்கே, சவுண்ட் போர்டு, அதுல இடது பக்கம், ஒரு சாண் நீளத்துக்கு, தலைமுடி கனத்துல ஒரு கோடு. தம்பிரத்தினம் சார் வந்து "என்ன மிஸ், எப்படி இருக்கு?"ன்னு கேட்பாரு. "சவுண்ட் போர்டு வெடிச்சிருக்கு சார்"னு சொல்லணும். சொல்லிட்டு வாயை மூடிக்கணும். அவ்வளவுதான் வேலை. கோர்ட்டுல பைபிள் மேல கை வெச்சுச் சொல்லச் சொன்னாலும் இதையே சொல்லலாம், ஒரு எழுத்து பொய் கிடையாது. அதுக்கு மேல, "வெடிச்சா என்ன சார், இந்த ஊரு மழைக்கும் வெயிலுக்கும் வெடிக்காத போர்டு எது, அடியில தாங்கற சட்டமெல்லாம் விடாம ஒட்டிக்கிட்டிருக்கு, கம்பி அதிரும்போது கரகரன்னு இரையல, இது காய்ச்சல்கூட இல்ல, வெறும் தும்மல்"னு சொல்லணும்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு? கேட்டாத்தானே சொல்லணும். அவருக்குக் கேட்கத் தெரியாது. பேங்க்ல முப்பத்தஞ்சு வருஷம் குப்பை கொட்டிட்டு வந்த மனுஷன், இந்த இசைச் சங்கத்துக்குச் செகரட்டரி ஆனதே அவரு பொண்ணு என்கிட்ட மூணு வருஷம் பியானோ படிச்ச புண்ணியத்துல. வெடிப்புன்னா அவருக்கு வெடிப்புதான். சுவர்ல வெடிப்பு, பானையில வெடிப்பு, பியானோவுல வெடிப்பு, எல்லாம் ஒண்ணு.

பின்னாடி ஆபீஸ் ரூமுக்குப் போயிருக்காரு, சங்கத்து லெட்டர்ஹெட்டைத் தேடிக்கிட்டு. "நீங்க நிதானமா பாருங்க மிஸ், அரை மணி நேரத்துல வந்துடறேன், நீங்க சொல்றதை அப்படியே டைப் அடிச்சு உங்க கையெழுத்தை வாங்கிட்டா கமிட்டிக்கு முடிஞ்சுது"ன்னு பியானோ மூடிப் பூட்டைத் திறந்து விட்டுட்டுக் குடையை விரிச்சுக்கிட்டுப் போனாரு. மணி பத்தே முக்கால். வெளியே வேப்பேரி ரோட்டுல தூறல், ஆட்டோக்காரன் எவனோ ஹாரன்ல கையை வெச்சவன் எடுக்கவே இல்ல. உள்ளே முந்நூறு நாற்காலி, அத்தனையும் அடுக்கிக் கட்டியாச்சு, திரையைக் கழட்டியாச்சு, மேடையில நானும் இதுவும் மட்டும்தான். மாசக் கடைசிக்குள்ள ஹாலைக் காலி பண்ணணும், இடத்துக்குச் சொந்தக்கார டிரஸ்ட்காரங்க இடிச்சுட்டு வேற என்னமோ கட்டப்போறாங்க. போன வாரம் சார் போன்ல சொன்னாரு: "கண்டிஷன் நல்லா இருந்தா பம்பாய்ல ஒரு கச்சேரி ஹால்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க மிஸ், நாளைக்கே லாரி அனுப்பறேங்கறாங்க. இல்ல, இது இனிமே ஆகாதுன்னு நீங்க எழுதிக் குடுத்துட்டீங்கன்னா என்ன பண்ணப்போறோம், விறகுக்கா போடுவோம்? நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க. இத்தனை வருஷம் நீங்கதானே பார்த்துக்கிட்டீங்க." அவரு சாதாரணமாத்தான் சொன்னாரு. மீன் குழம்பு வேணுமா மிஸ், மீதி இருக்குன்னு சொல்ற மாதிரி. எனக்கு அன்னிலேர்ந்து சோறு இறங்கல. எட்டு நாளா ஆகாது, ஆகாது, ஆகாதுன்னு மனசுக்குள்ள எழுதி எழுதிப் பழகிக்கிட்டிருக்கேன், எழுதினதும் கையெழுத்து கோணலா போயிடுது. ஐயோ ஆண்டவரே, ஐம்பத்தாறு வயசுல இது எனக்குத் தேவையா.

பழசு, பழசுன்னு எல்லாரும் மூக்கைச் சுளிக்கிறாங்க. ஸ்டூடன்டோட அம்மா ஒருத்தி, போன மாசம்தான், "செகண்ட் ஹேண்ட் எல்லாம் வேண்டாம் மிஸ், யாரு வீட்டுதோ என்னமோ"ன்னா. நீ என்ன கட்டிலா வாங்கறே? காரா வாங்கறே? காரு ஓட ஓடத் தேயும்டி. இது வாசிக்க வாசிக்கத்தான் வாயைத் திறக்கும். புதுசா வர்ற கச்சேரிப் பியானோ பள்ளிக்கூடத்துக்கு மொத நாள் வந்த பிள்ளை, கேட்டதுக்குப் பதில் சொல்லும், அதுக்கு மேல ஒண்ணும் பேசாது. கம்பியை அடிக்கற சுத்தியல் மேல ஒட்டியிருக்கிற கம்பளி அடிபட்டு அடிபட்டு ஒரு பதத்துக்கு வரணும், பலகை காயணும், கம்பியெல்லாம் நீள்ற மட்டும் நீண்டுட்டு அடங்கணும், அதுக்கு வருஷம் வேணும், நல்ல கை வேணும். நல்ல கையை எந்தக் கடையில விக்கறான்? இதுல வாசிச்சவங்க எத்தனை பேரு, செக்கோஸ்லோவேகியாக்காரர், ஜப்பான்காரி, கல்கத்தாவுலேர்ந்து வந்த ஒத்தைக் கண் தெரியாத அந்த மனுஷன், எல்லாரோட கையும் இந்தக் கம்பளிக்குள்ள இருக்கு. எழுபது வருஷத்துக்கு முன்னாடி ஜெர்மனியிலேர்ந்து கப்பல்ல வந்து துறைமுகத்துலேர்ந்து மாட்டு வண்டியில இங்க வந்துச்சுன்னு சங்கத்துல பெருமையாச் சொல்லுவாங்க. ஒன்பதடி. அந்த நீளம்தான் இதோட மதிப்பே. எங்க வீட்டுல சுவரோரமா நிமிர்ந்து நிக்குதே ஒரு சின்ன அப்ரைட் பியானோ, அதுல கீழ்ச் சுரங்களுக்கு நீளமான கம்பி வைக்க இடமில்ல, அதனால தடியா கம்பி போட்டு ஏமாத்திருப்பாங்க, அடிச்சா தகர டப்பாவுக்குள்ள யாரோ இருமற மாதிரி இருக்கும். இதுல ஏமாத்தே கிடையாது. சத்தம் எவ்வளவு தூரம் போகணும்னு நினைக்குதோ அவ்வளவு தூரம் கம்பி. இதே அளவுல புதுசு வாங்கணும்னா எங்க ஃபிளாட்டை வித்து, எதுத்த ஃபிளாட்டையும் அவங்களுக்குத் தெரியாம வித்தாத்தான் ஆகும். பின்னுங்களை ஒவ்வொண்ணா ரெஞ்சு போட்டு லேசாத் திருகிப் பார்த்தேன், கம்பியைப் பிடிச்சிருக்கிற பின்னு, அது தளர்ந்தாத்தான் பியானோ செத்துப்போச்சுன்னு அர்த்தம். ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு தளர்ந்திருக்காதான்னு ஆசை ஆசையாத் திருகினேன். ஊஹூம். எல்லாம் கல்லு.

கல்லாத்தான் இருக்கும். யாரு பார்த்துக்கிட்டது? மழைக்காலம் வந்தா பியானோவுக்கு அடியில நாற்பது வாட் பல்பு ஒண்ணை எரிய விடணும், அந்தச் சூட்டுலதான் ஈரம் ஓடும், இந்த ஊர்ல பியானோ வெச்சிருக்கிற எல்லாரும் செய்யறதுதான். கமிட்டியில இருக்கிற அஞ்சு பேருக்கும் அந்த பல்பு எங்க இருக்குன்னுகூடத் தெரியாது. ஐப்பசி பொறந்தா நான்தான் குடையைத் தூக்கிக்கிட்டு வந்து போடுவேன், தை பொறந்தா வந்து அணைப்பேன். அந்துப்பூச்சிக்கு ரசகற்பூரம் வெச்சது நான். ஊரே மூழ்கின அந்த வெள்ளத்துல தண்ணி மேடைப் படி வரைக்கும் ஏறினப்ப வாட்ச்மேனையும் எங்க வீட்டுக்காரரையும் இழுத்துக்கிட்டு வந்து மூணு காலுக்கும் செங்கல் குடுத்தது நான். அப்ப பம்பாய்க்காரன் எங்கே போனான்? அப்படியெல்லாம் கேக்கணும்போல இருக்கு. கேட்டா மட்டும் நியாயம் என் பக்கம் வந்துடுமா. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தலைவாரிப் பூ வெச்சுட்டா அது என் பிள்ளை ஆயிடுமா. ஆகாதுதான். ஆனா தலைவாரின கைக்கு ஒரு ஆசை வராதா? வெட்கத்தை விட்டுச் சொல்றேன், எனக்கு இது வேணும். ஒருத்தருக்கும் வேண்டாம்னு விடற மாதிரி இல்ல, எல்லாருக்கும் வேணும்னாலும் எனக்குத்தான் வேணும். இப்படி நான் எதையுமே கேட்டதில்ல. கல்யாணத்துக்கு நகை கேட்டதில்ல, குழந்தை இல்லாமப் போனதுக்குக் கர்த்தர்கிட்ட ஏன்னு கேட்டதில்ல. இது ஒண்ணு.

இதுல வாசிக்க வர்றவங்களுக்குப் பன்னிரண்டு வருஷம் நோட்டுப் பக்கம் திருப்பினேன். பத்தொன்பது வயசுல ஆரம்பிச்சேன். நோட்டு வேகமாப் படிப்பேன், ஒல்லியா இருந்தேன், மேடையில உட்கார்ந்தா ஒருத்தர் கண்ணுக்கும் படமாட்டேன், அதுதான் தகுதி. வாசிக்கிறவங்களுக்கு இடது பக்கம் ஒரு சின்ன நாற்காலி. கண்ணாடி வளையல் கூடாது. மல்லிப்பூ கூடாது, ஜப்பான்காரி ஒரு தடவை தும்மிட்டா. பக்கத்தோட கடைசி வரி வரும்போது சத்தமில்லாம எழுந்திரிக்கணும், இடது கையால மேல் மூலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும், அவங்க தலையை இம்மி அசைப்பாங்க, திருப்பணும், உட்காரணும். கைதட்டும்போது தலையைக் குனிஞ்சுக்கணும், அது நமக்கில்ல. சங்கத்துல ஒரு போர்டு மாட்டியிருந்தாங்க, இந்தப் பியானோவை அழைக்கப்பட்ட கலைஞர்கள் மட்டும் வாசிக்கலாம்னு. எங்களை மாதிரி டீச்சருங்க, மெம்பருங்க எல்லாருக்கும் பக்கத்து ரூம்ல ஒரு அப்ரைட். அதுல பாதிக் கட்டை இறங்கினா ஏறாது. பன்னிரண்டு வருஷம் இதுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கேன், கீழ்க் கம்பியோட அதிர்வு மரத்தரை வழியா வந்து உள்ளங்கால்ல ஏறும், செருப்பைக் கழட்டி வெச்சுட்டுத்தான் உட்காருவேன், மரியாதைன்னு நினைச்சுக்குவாங்க. ஒரு நாள், அந்த செக்கோஸ்லோவேகியாக்காரர் வாசிக்கும்போது, கேட்டுக்கிட்டே இருந்துட்டேன். பக்கம் முடிஞ்சது தெரியல. அவரு தலையை அசைச்சாரு, தெரியல. ரெண்டு வரியை மனப்பாடமா ஓட்டிட்டு அவரே பட்டுனு திருப்பினாரு. எனக்கு உசிரே போச்சு. கச்சேரி முடிஞ்சு கூட்டமெல்லாம் போனதும் என்னைக் கூப்பிட்டாரு, திட்டப்போறாருன்னு கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்கறேன், அவரு சிரிக்கிறாரு. "நீ கேட்டுக்கிட்டிருந்தே"ன்னாரு. எழுந்திரிச்சு ஸ்டூலைக் காட்டி, "உட்காரு. வாசி"ன்னாரு. அப்ப இருந்த செகரட்டரி தூண் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டிருந்தாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா. "பரவாயில்ல சார்"னேன். பரவாயில்லையாம். முப்பது வருஷமா அந்தப் பரவாயில்லையை மென்னுக்கிட்டிருக்கேன், முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. உட்கார்ந்திருந்தா என்ன ஆயிருக்கும், தூக்கிலயா போட்டிருப்பாங்க? மக்கு, மக்கு. அதுக்கப்புறம் மூடியைப் பூட்டி சாவியைச் செகரட்டரி வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போறது வழக்கமாச்சு, பல்பு போட வர்றப்பல்லாம் பூட்டின மூடியைத் துடைச்சுட்டுப் போவேன். கச்சேரி நின்னே எட்டு வருஷம் ஆச்சு.

இவருகிட்ட பம்பாய்க் கதையைச் சொல்லல. சங்கத்துல குடுக்கறாங்கன்னு மட்டும்தான் சொன்னேன். எங்க வீட்டுக்காரரு ஆசீர், ரயில்வேயில கார்டா இருந்து ரிட்டையர் ஆனவரு, கொடி காட்டினா வண்டி போகணும், அதுக்கு நடுவுல கேள்வி கேட்டுப் பழக்கம் இல்ல. பெரிய பியானோ வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி அதோட உருவத்துக்குப் பேப்பர் வெட்டித் தரையில ஒட்டிப் பார்க்கணும், இடம் பத்துமான்னு தெரியும், வாங்கற எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. நானும் ஒரு மாசத்துப் பேப்பரை ஒட்டி, வளைவு வளைவா வெட்டி, ஹால்ல விரிச்சு நாலு பக்கமும் டேப் போட்டேன். சோபா போயே ஆகணும். டி.வி. பெட்ரூமுக்கு. சாப்பாட்டு மேசைக்கும் பியானோ வாலுக்கும் நடுவுல ஆளு ஒருக்களிச்சுத்தான் போகணும். மார்க்கெட்டுலேர்ந்து வந்தவரு வாசல்லயே நின்னுட்டாரு. "என்னட்டி இது, ஆக்சிடென்ட் ஆன இடத்துல போலீஸ்காரன் கோடு போட்ட மாதிரி?" சிரிக்கலாம்னு பார்த்தேன், அழுகை வந்துடுச்சு. அன்னிலேர்ந்து அவரு பேப்பரை மிதிக்கறதே இல்ல. பாத்ரூமுக்குப் போகணும்னாலும் சுத்திக்கிட்டுத்தான் போறாரு, நேரா போனா நாலே எட்டு. முந்தாநாள் காபி டம்ளரோட அந்த வால் பக்கத்துல நின்னுக்கிட்டு, "இந்தக் கதவு முழுசாத் திறக்காது ஹெப்சி. கழட்டிடுவோம், கதவு எதுக்கு நமக்கு, நாம ரெண்டு பேருதானே"ன்னாரு. ரெண்டாவது மாடி, படியில ஏறாது, பால்கனி கிரில்லை அறுத்துட்டுக் கிரேன்லதான் ஏத்தணும். வெல்டிங் பட்டறைக்காரன்கிட்ட அவரே பேசிட்டாரு, சனிக்கிழமை வர்றானாம். இப்ப நான் போய் அவருகிட்ட, இல்லீங்க, அது நல்லா இருக்கு, அதனால நமக்கு இல்லைன்னு எந்த வாயால சொல்லுவேன்? நல்லா இருக்கறதால நமக்கு இல்ல. என்ன ஒரு பேச்சு பாரு. வாழ்க்கையில எல்லாமே எனக்கு அப்படித்தான் இருந்திருக்கு போல.

பம்பாய்ல என்ன குறைச்சல். அங்கே ஏ.சி. ஹாலு, ஈரமே ஏறாது, பல்பு போட ஆளு தேவையில்ல. ஆயிரம் பேரு உட்கார்ந்து கேப்பாங்க. யாரோ ஒரு பத்தொன்பது வயசுப் பொண்ணு, நல்ல ஷாம்பு போட்ட தலைமுடியை விரிச்சு விட்டுக்கிட்டு, ஜம்முனு வந்து உட்காருவா. அவளை யாரும் வெளியே போன்னு சொல்ல மாட்டாங்க. என் வீட்டுக்கு வந்தா யாரு கேப்பா? இவரு கேப்பாரு, அதுவும் நியூஸ் சத்தத்தைக் கூட்டி வெச்சுக்கிட்டு. கீழ் வீட்டு அம்மா மூணாம் நாளே அசோசியேஷன்ல எழுதிப் போடுவா. ஒன்பதடிச் சத்தத்தைப் பதினாறடி ஹாலுக்குள்ள அடைச்சா அது எங்கே போய் முட்டும்? தெரியும் எனக்கு. தெரியாம இல்ல. பாதி மூடியை மூடிக்கிட்டு, பஞ்சை அடைச்சு, பொத்திப் பொத்தித்தான் வாசிக்கணும். வாசிச்சா என்ன, பொத்தி வாசிச்சா என்ன குறைஞ்சுபோச்சு, காலையில எழுந்து வந்தா அது அங்கே இருக்கும்ல? எங்கேயும் போகாம இருக்கும்ல? அதுவே போதும்னு இருக்கு. ச்சீ, இது பேராசையா, பாசமா, ஒண்ணும் புரியல. திருட்டுன்னும் சொல்லலாம். வெடிப்பு இருக்கு, நான் திருடல. இருக்கறதைச் சொல்றேன்.

வாசிக்க மட்டும் கூடாது. அதுல ஜாக்கிரதையா இருக்கேன், வந்து முக்கால் மணி நேரமாச்சு, ஒரு சுரம் எழுப்பல. ஆபீஸ் ரூம் ஜன்னல் திறந்துதான் இருக்கு, சத்தம் போனா சாருக்குக் கேட்டுடும், குட்டு உடைஞ்சுடும். கட்டையை அமுக்கறேன், ஆனா மெதுவா, அவ்வளவு மெதுவா அமுக்கினா சுத்தியல் கம்பியைத் தொடாமலே திரும்பிடும். ஒரு இடத்துல லேசா ஒரு தடை வரும், விரல் அதைத் தாண்டும், அப்புறம் பஞ்சு. சத்தமே இல்ல. பாருடி ஹெப்சிபா, உனக்கு இதுவாவது குடுத்து வெச்சிருக்கேன்னு சொல்ற மாதிரி விரலுக்கடியில இறங்கி இறங்கி ஏறுது. இந்த மஞ்சள் பூத்த கட்டைங்க. நடுவுல இருக்கறதுல விரல் படற இடம் குழியா தேய்ஞ்சிருக்கு. வலது கால் தன்னால பெடல்ல போய் உட்கார்ந்துடுச்சு. அமுக்கினேன், எல்லாக் கம்பியையும் பிடிச்சிருந்த கம்பளி ஒரே மூச்சா மேல எழும்புச்சு, அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல். ஒரே ஒரு இருமல். உள்ளேயிருந்து அத்தனை கம்பியும் அதே இருமலைத் திருப்பிச் சொல்லுச்சு, மெல்ல, ரொம்ப தூரத்துலேர்ந்து. பெடலை விடாம, குனிஞ்சு, கம்பிக்குள்ள வாயை வெச்சு, போகாதேன்னு சொன்னேன். சின்னப் பிள்ளைத்தனமா இருக்குன்னு தெரியும். சொன்னேன். அதுவும் சொல்லுச்சு.

செருப்புச் சத்தம். சார் வந்துட்டாரு, குடையிலேர்ந்து தண்ணி சொட்டச் சொட்ட, கையில லெட்டர்ஹெட், இன்னொரு கையில ரெண்டு பேப்பர் கப் டீ. "மன்னிக்கணும் மிஸ், லேட்டாயிடுச்சு. என்ன, எப்படி இருக்கு?" கேட்டுட்டாரு. எப்படிக் கேட்பாருன்னு எட்டு நாளா நினைச்சிருந்தேனோ அப்படியே. என் வாய் தன்னால சொல்லிடுச்சு. "சவுண்ட் போர்டு வெடிச்சிருக்கு சார்." டார்ச் அடிச்சுக் காட்டினேன். அவரு மூக்குக்கண்ணாடியை ஏத்திக்கிட்டுக் குனிஞ்சு பார்த்தாரு. "அடடா. ஆமா. நல்லாத் தெரியுதே." அவ்வளவுதான். அவ்வளவேதான். வேற ஒண்ணும் கேட்கல. "சரி மிஸ், அப்ப ஆகாதுன்னு எழுதிடலாம். வண்டி ஏற்பாடு பண்ணிக்கிட்டு சொல்லுங்க, உங்களுக்குன்னா கமிட்டியில யாரும் மறு பேச்சுப் பேச மாட்டாங்க. யார்கிட்டயோ போறதுக்கு உங்ககிட்ட இருக்கட்டும்." கிடைச்சாச்சு. என்னுது. சந்தோஷப்படணும்னு மனசுகிட்ட சொல்றேன், அது எங்கேயோ வேடிக்கை பார்த்துக்கிட்டிருக்கு. அவரு டீயை என்கிட்ட நீட்டிக்கிட்டே, கொஞ்சம் கூச்சத்தோட, "மிஸ், ஒண்ணு கேட்கலாமா? நான் செகரட்டரி ஆகி அஞ்சு வருஷமாச்சு, இதுல ஒரு சத்தம் கேட்டதில்ல. கொண்டுபோறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பாட்டு. எப்படி வந்தாலும் பரவாயில்ல"ன்னாரு.

எப்படி மாட்டேன்னு சொல்றது. உட்கார்ந்தேன். ஸ்டூல் உயரம் சரியில்ல, சரி பண்ணல. ஒரு ஞாயித்துக்கிழமைப் பாட்டு, எல்லாச் சபையிலயும் பாடறது, அதை எடுத்தேன். எடுக்கும்போதே முடிவு பண்ணிட்டேன். இடது கையை வேணும்னே அரைக் கட்டை தள்ளிப் போட்டேன், கீழே சுரமெல்லாம் நசுங்கிச்சு. வலது கையில நுனி விரலால மட்டும் தடவினேன், பாதி சுரம் எழும்பவே இல்ல. பெடலைத் தப்பான இடத்துல அமுக்கி எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு குழப்பினேன். முப்பது வருஷமா பிள்ளைங்ககிட்ட எதையெல்லாம் செய்யாதேன்னு கத்தினேனோ அத்தனையும் செஞ்சேன். சுலபமாத்தான் இருந்துச்சு. ஒரு சரணத்தோட நிறுத்திட்டு மடியில கையை வெச்சுக்கிட்டேன். சார் கிட்ட வந்தாரு. பியானோவோட பக்கவாட்டுல, சாகக் கிடக்கற மாட்டைத் தட்டிக் குடுக்கற மாதிரி, ரெண்டு தட்டுத் தட்டினாரு. "பாவம் மிஸ். வயசாயிடுச்சுல்ல. ஒரு காலத்துல நல்லாத்தான் பாடியிருக்கும் போல, இப்ப பாருங்க, வாயே குழறுது. இதையா பம்பாய்க்காரன் கேட்டான்? காதுல விழுந்தா சிரிச்சிருப்பான்."

பாவமா? எது பாவம்? எதுக்குய்யா வாய் குழறுது? எனக்கு எங்கேயிருந்து அந்தக் கோவம் வந்துச்சுன்னே தெரியல. செக்கோஸ்லோவேகியாக்காரர் வாசிக்கும்போது இந்த ஹால் கண்ணாடி ஜன்னலெல்லாம் கிடுகிடுன்னு ஆடினது இந்த ஆளுக்குத் தெரியுமா? மேல் சுரத்துல ஒண்ணைத் தொட்டா அது அடங்கறதுக்குள்ள நான் ஒரு மூச்சு முழுசா இழுத்து விட்டுடுவேன், தெரியுமா? இதைப் பார்த்துச் சிரிப்பானாம், சிரிக்கறான். குழறினது நான்யா. என் கை. "கொஞ்சம் உட்காருங்க சார்"னேன், சொன்ன விதத்துல அவரு டக்குனு பின்வாங்கினாரு. ஸ்டூலைத் திருகி உயரத்தைச் சரி பண்ணினேன். மூணு வருஷமா எங்க வீட்டு அப்ரைட்ல ஒருத்தருக்கும் சொல்லாம ஒண்ணைப் பழகிக்கிட்டிருக்கேன், பெரியது, என் வயசுக்கும் கைக்கும் மிஞ்சினது, தகர டப்பாவுல அது ஒரு நாளும் விளங்கினதே இல்ல. இடது கையை மேலே தூக்கி இடது கோடிக் கட்டைகள்ல இறக்கினேன்.

ஐயோ. ஐயோ, இதுவா. தரையிலேர்ந்து வருது. முதுகெலும்புல ஏறுது. நான் ஒண்ணுமே பண்ணல, லேசாக் காட்டினா போதும், அது மிச்சத்தைச் சொல்லிடுது, மூணு வருஷம் நான் என்ன கேட்டுக்கிட்டிருந்தேன்னு அதுக்கு முன்னாடியே தெரிஞ்ச மாதிரி. சுருதி அங்கங்கே இம்மி இறங்கியிருக்கு, இருக்கட்டும். தப்பு விடறேன், ரெண்டு இடத்துல விட்டாச்சு, அது கோவிச்சுக்கல, அடுத்த சுரத்துல என்னைத் தூக்கிடுது. அடுக்கி வெச்ச நாற்காலிங்க எல்லாம் சேர்ந்து லேசா அதிருது. முகத்துல என்னமோ ஓடுது, துடைக்கக் கை இல்ல. ஓரக்கண்ணுல சார் தெரியறாரு, மேடைப் படியிலயே உட்கார்ந்துட்டாரு, டீ கப்பைப் பிடிச்சபடி, வாயைக் கொஞ்சம் திறந்துக்கிட்டு. வேகமான பகுதி முடிஞ்சு மெதுவான இடம் வந்துச்சு. அந்தச் சந்துல அவரு கேட்டாரு, ரொம்ப மெல்ல, கோயில்ல பேசற மாதிரி. "மிஸ். இதுவா ஆகாது?" நான் நிறுத்தல. நிறுத்தினா மறுபடி ஆரம்பிக்க மாட்டேன்னு தெரியும். வாசிச்சுக்கிட்டே சொன்னேன். "அந்த வெடிப்பால ஒண்ணும் இல்ல சார். இன்னும் நாற்பது வருஷம் பாடும். இதைவிட நல்ல பியானோ இந்த ஊர்லயே கிடையாது. அப்படியே எழுதிக்கோங்க, கையெழுத்துப் போடறேன்." அவரு டீ கப்பைப் படியில வெச்சாரு. அப்புறம், "அப்ப உங்களுக்கு..."ன்னு ஆரம்பிச்சவரு முடிக்கல. நல்ல மனுஷன். ஆகாதுன்னு நினைச்சிருந்தப்பகூட என்கிட்ட இருக்கட்டும்னு சொன்ன மனுஷன். பையிலேர்ந்து போனை எடுத்துக் கையில வெச்சுக்கிட்டாரு. "பம்பாய்க்கு இப்பவே பண்ணிடட்டுமா மிஸ்?" "பண்ணுங்க சார். இது முடியட்டும், அப்புறம் பண்ணுங்க"ன்னேன். அடுத்து வர்றது கடைசிப் பகுதி. வேகமா, ரொம்ப வேகமா வாசிக்கணும்னு நோட்டுல போட்டிருக்கு. நான் மெதுவாத்தான் வாசிக்கறேன்.